ஆசானிடமும் கேள்வி கேட்ட அர்ராஸி

வேலை செய்யும் இடத்தில் ஒரு நடைமுறைக்குக் காரணம் கேட்டால், இங்கே எப்போதும் இப்படித்தான் என்ற பதில்தான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கிறது. ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பதிலை ஏற்க மறுத்த மருத்துவர் ஒருவரை நாம் அறிந்துகொள்வோம்.

அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி, இன்றைய தெஹ்ரானை அடுத்த ரய் நகரில் கி.பி. 865 வாக்கில் பிறந்தார். ரய் மருத்துவமனைக்கும், பின்னர் பக்தாத் மருத்துவமனைக்கும் தலைமை வகித்தார்.

அன்று மருத்துவத்தில் முடிவான சொல் கேலனுடையது. அரபு நூல்கள் ஜாலினூஸ் என்று குறிப்பிடும் இந்தக் கிரேக்க மருத்துவர் மறைந்து ஏறக்குறைய 700 ஆண்டுகள் ஆகியிருந்தன. அர்ராஸியும் அவருடைய நூல்களைப் படித்தே மருத்துவரானவர்தான். ஆனால் அவர் நோயாளிகளை நேரில் கவனித்துக் குறிப்பெழுதினார். காய்ச்சலின் போக்கு பற்றி கேலன் எழுதியதற்கு மாறாக, பக்தாதிலும் ரய்யிலும் ஏராளமான நோயாளிகளைக் கண்டார்.

இத்தகைய முரண்பாடுகளைத் தொகுத்து, ஜாலினூஸ் மீதான ஐயங்கள் என்ற நூலை எழுதினார். கேலனுக்குத் தாம் கடன்பட்டிருப்பதை அதில் முதலில் ஒப்புக்கொண்டார். பலர் தம்மைப் பழிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும், மரியாதைக்காகத் தவறை அப்படியே விட்டுவைத்தால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி அல்லவா?

மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கப்படி இரத்தம் வெளியேற்றினார். மற்றவர்களுக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டார். இரத்தம் வெளியேற்றுவது பயன் தருகிறது என்பதே அவர் கண்ட முடிவு. இன்றைய மருத்துவம் அந்த முடிவை ஏற்பதில்லை. ஆனால் வழக்கத்தை ஒப்பிட்டுச் சோதிக்கும் அந்த முறையை அது விடவில்லை.

பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறியும் விதத்தைத் தனி நூலாகவே எழுதினார் அர்ராஸி. கடைசிக் காலத்தில் பார்வையை இழந்த அவர், 925 வாக்கில் ரய்யில் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் அல்ஹாவீ என்ற பெருந்தொகுப்பாயின. 1279இல் அது லத்தீனுக்கும் சென்றது.

நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் இளையவர் ஒருவர் ஏன் என்று கேட்டால், அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேட்பவரும் அர்ராஸியைப் போல, முதலில் கவனித்து எழுதிவைத்த விவரத்தோடு வரட்டும். மூத்தவரை மதித்துக்கொண்டே அவர் வகுத்த முறையை நாம் சோதித்துப் பார்க்கலாம்.