ஒற்றைக் காலால் அளந்த நாடு

பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு வீட்டின் சிரிப்பையெல்லாம் பறித்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டென்றால், அது புற்றுநோய்தான். மூன்றாண்டுகளுக்கு முன் அந்தப் பெயர் எங்கள் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. என் தாயாருக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் பல மாதங்கள் மருந்தேற்றினார்கள். வீடு திரும்பிய அம்மாவை நாங்கள் அன்பு என்னும் கயிற்றால் கட்டிலோடு கட்டிவிட்டோம். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் நான் பிடுங்கினேன். வாசல்வரை நடந்தால் அத்தை அதட்டினார். ஓய்வே மருந்து என்று நம்பினோம். அம்மாவோ தேறவில்லை, நாளுக்கு நாள் துவண்டுபோனார்.

அந்த நாள்களில்தான் டெரி ஃபாக்ஸ் என்னும் கனடா நாட்டு இளைஞரின் வாழ்க்கையைப் படித்தேன். படித்ததைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

டெரி ஃபாக்ஸ் 1958ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் வின்னிபெக் நகரில் பிறந்தார். வளர்ந்தது மேற்குக் கரையோரம், போர்ட் கொக்கிட்லம் என்ற ஊரில். சிறுவயதில் அவருக்குக் கூடைப்பந்தின்மேல் தீராத ஆசை. உயரமோ குறைவு, திறமையும் அப்படியொன்றும் இல்லை. பயிற்சியாளரே அவரைத் தொலைதூர ஓட்டத்திற்குப் போகச் சொன்னார். டெரி ஓடவும் செய்தார், பந்தையும் விடவில்லை. விடாமுயற்சியால் பள்ளி இறுதியாண்டில் சிறந்த விளையாட்டு வீரர் விருதைத் தம் நண்பர் டக் ஆல்வர்டுடன் பகிர்ந்துகொண்டார். பின்னர் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, உடலின் இயக்கத்தைப் பற்றிய படிப்பையே எடுத்துக்கொண்டார்.

விதி அங்கேதான் குறுக்கிட்டது. 1977ஆம் ஆண்டு வலது முழங்காலில் வலி. எலும்புப் புற்றுநோய் என்றார்கள். முழங்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 18. நம்மில் பலருக்கு இப்போது இருக்கும் வயது!

அறுவைக்கு முந்திய இரவு, பள்ளிப் பயிற்சியாளர் ஓர் இதழைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலுடன் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் டிராம் என்பவரைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. அன்று விழுந்த விதை பிறகு முளைத்தது. 16 மாதங்கள் மருந்தேற்றும் சிகிச்சை நடந்தது. மருத்துவமனையில் தம்மோடு வதைபட்ட நோயாளிகளையும் குழந்தைகளையும் அவரால் மறக்க முடியவில்லை. இந்நோயை ஆராயப் பணம் வேண்டும். அதைத் திரட்டக் கனடாவின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஓடுவது என்று உறுதி பூண்டார். சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடி உடலை மீட்டார். பிறகு ஓராண்டுக்கும் மேலாக ஓடிப் பழகினார். 1979இல் ஓர் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டு கடைசியாக வந்தார். கடைசியாக வந்தாலும் முடித்து வந்தார்!

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். நண்பர் டக் வண்டியை ஓட்டிவந்தார். நாள்தோறும் ஒரு மாரத்தான் தூரம், அதாவது 42 கிலோமீட்டர், ஓடவேண்டும் என்பது இலக்கு. நல்ல கால் இருமுறை குதிக்க, செயற்கைக் கால் ஒருமுறை ஊன்றும். வெட்டுப்பட்ட காலில் புண் உண்டாகி இரத்தம் கசிந்தது. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் 1ஆம் நாள் தண்டர் பே நகரருகே நெஞ்சுவலி அவரை நிறுத்தியது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28இல், 23 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், மறைந்தார். அதற்குள் கனடா மக்கள்தொகைக்கு ஈடாக, ஆளுக்கு ஒரு டாலர் கணக்கில், 2 கோடியே 40 லட்சம் டாலர் திரண்டிருந்தது.

ஓடியும் இறந்துதானே போனார் என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். உடற்பயிற்சி புற்றுநோயைத் துரத்தும் மந்திரம் அன்று. ஓட்டத்தின்போது மருத்துவப் பரிசோதனைகளுக்குப் போக டெரி மறுத்துவந்தார். அதை நாம் பின்பற்றக் கூடாது. ஆனால் நோயாளி என்றால் அசையாமல் கிடப்பவர் என்ற எண்ணத்தை அவர் தகர்த்தார். அறிவியல் அந்த வழியில் பிறகு வந்துசேர்ந்தது. படுத்தே கிடந்தால் தசை கரையும்; தசை கரைந்தால் எழுந்து நிற்பதே பாரமாகும்; அந்தச் சோர்வு மீண்டும் படுக்கையில் தள்ளும். அளவான பயிற்சி இந்தச் சுழலை அறுக்கிறது. சோர்வும் மனக்கலக்கமும் குறைகின்றன. மார்பு அறுவை செய்தவர்கள் கனம் தூக்கினால் கை வீங்கும் என்ற அச்சம் இருந்தது. முறையான மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடையைக் கூட்டினால் அந்த வீக்கம் அதிகரிப்பதில்லை என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. டெரியின் நாட்டு ஆராய்ச்சிக் குழு முன்னின்று நடத்திய மற்றோர் ஆய்வு 2025இல் வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்தும் முடித்த 889 பேர் அதில் பங்கேற்றனர். மூன்றாண்டுகள் முறையாகப் பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டு கழித்து நூற்றுக்கு 90 பேர் உயிரோடு இருந்தனர். நூல் வழியாக அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 83 பேர்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் மருத்துவரிடம் கேட்டோம். நடக்கச் சொன்னார். முதல்நாள் அம்மா தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை என் தோளைப் பிடித்துப் போய்வந்தார். ஒரு மாதத்தில் தோளை விட்டார். இன்று அரைக் குடம் தண்ணீரைத் தாமே தூக்குகிறார். நோய் திரும்புமோ என்ற அச்சம் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு நோயாளி இல்லை, அம்மா இருக்கிறார்.

டெரியின் பெயரால் 1981 முதல் ஆண்டுதோறும் ஓட்டம் நடக்கிறது. நம் சென்னையிலும் நடந்திருக்கிறது. அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, ஓடலாம், நடக்கலாம். நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்நோயுற்றவர் இருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டு, அவருடைய கையைப் பற்றிப் பத்தடி நடந்து பாருங்கள். ஒற்றைக் காலால் ஒரு நாட்டை அளக்கப் புறப்பட்ட அந்த இளைஞருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே ஆகும்.