அடுப்பு மூட்டிய அருளாளர்

வெளியூர்ப் பேச்சாளர் வருகிறார் என்றால், ராயபுரத்துத் தோழர்கள் ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டு, தலையிலே ஒட்டிய பஞ்சுத் தூசியோடு வந்து மேடை முன்னே உட்கார்ந்துவிடுவார்கள். அரசியல் மேடை மட்டுமா? கோயில் திருவிழாவுக்குக் கதை சொல்ல ஒருவர் வருகிறார், மாதா கோயிலுக்கு வெளியூர்ப் பாதிரியார், பள்ளிவாசலுக்கு மௌலவி. எல்லாரும் அன்பைப் பேசுகிறார்கள், நீதியைப் பேசுகிறார்கள். கேட்கிறோம், மகிழ்கிறோம், கலைகிறோம். சனிக்கிழமைச் சம்பளம் வாங்கி, மளிகைக் கடன் போக மிஞ்சியதை எண்ணும்போதுதான், கேட்ட பேச்செல்லாம் எங்கே போயிற்று என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாக வைத்த ஒருவரின் கதையை இன்று சொல்கிறோம். அவரும் அழைத்த வீட்டுக்குப் போய்ப் பிரசங்கம் செய்தவர்தான்.

சிதம்பரத்தை அடுத்த மருதூர். 1823 அக்டோபர் 5. கணக்கு எழுதிப் பிழைத்த இராமையாவுக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது பிள்ளையாய்ப் பிறந்தார் இராமலிங்கம். தவழும் முன்பே தந்தையை இழந்தார். குடும்பம் பொன்னேரி போய், பிறகு சென்னை ஏழுகிணற்றிலே குடியேறிற்று. மூத்தவர் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைக் காத்தார். தம்பியோ பள்ளிக்கூடம் பக்கம் தலைகாட்டவில்லை. கோயில், பாட்டு, தனிமை! அண்ணனுக்குக் கோபம், அண்ணிக்கோ பரிவு. ஒருநாள் அண்ணனுக்கு உடல் நலமில்லை. சோமு செட்டியார் வீட்டிலே பெரியபுராணம் சொல்ல வேண்டிய முறை. நாலு பாட்டுப் பாடிவிட்டு வா என்று தம்பியை அனுப்பினார். போன சிறுவன் திருஞானசம்பந்தர் வரலாற்றை எடுத்துக்கொண்டு, நள்ளிரவு வரை பேசினான் என்றும், இனி இந்தப் பிள்ளையையே அனுப்புங்கள் என்று செட்டியார் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள்.

அந்த வழியிலேயே போயிருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். வீட்டுக்கு வீடு சொற்பொழிவு, தோளுக்குப் பட்டு, தட்டிலே தட்சிணை! இன்றும் அப்படி வாழ்வோரை நாம் பார்க்கவில்லையா? இவருக்கு அது பிடிக்கவில்லை. காவியும் கட்டவில்லை, வெள்ளைத் துணியாலே உடலை மூடிக்கொண்டு, முப்பத்தைந்து வயதை ஒட்டிச் சென்னையை விட்டே புறப்பட்டார். வடலூருக்குப் பக்கத்திலே கருங்குழி என்ற சிற்றூரில், மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டிலே பல ஆண்டுகள் தங்கினார். 1865 இல் சன்மார்க்க சங்கம் கண்டார். சாதி வேண்டாம், சமயச் சண்டை வேண்டாம், வருணாசிரமம் வேண்டாம் என்று பாட்டாலும் உரைநடையாலும் சொன்னார்.

1866 இலே வந்தது பஞ்சம். ஒடிசாவிலே ஏறத்தாழ பத்து லட்சம் உயிர்களை அது கொண்டு போயிற்று. ராயபுரத்துப் பனியன் கம்பெனியிலே நம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிற ஒடிசாத் தோழரின் முன்னோர் மடிந்த பஞ்சம் அது! சென்னை மாகாணத்தையும் அது விடவில்லை. பட்டினி கிடப்பவனிடம் போய்ப் பரலோகம் பேசுவதா? இராமலிங்கர் பேசவில்லை, அடுப்பு மூட்டினார்.

பார்வதிபுரம் ஊரார் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1867 மே 23 அன்று வடலூரிலே சத்திய தருமசாலை திறக்கப்பட்டது. 21 அடி நீள அடுப்பு. வந்தவன் என்ன சாதி, என்ன சமயம், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. பசிக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. பந்திக்குப் பந்தி சாதி பார்த்த காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்! வேதம் ஓதியவர்களுக்கு ஒரு பந்தி, மற்றவர்களுக்கு மிச்சம் என்றிருந்த சத்திரங்களுக்கு நடுவே, அந்த அடுப்பு ஒரு புரட்சி. 2020 ஊரடங்கிலே கம்பெனிகள் மூடியபோது சோற்றுக்கு வரிசையில் நின்ற தோழர்களுக்கு அதன் பெருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? அவருடைய பாடல்களை அருட்பா என்று அழைப்பதா என்று சைவப் பெரும் புலவர் ஆறுமுக நாவலர் சீறினார். அருட்பா, மருட்பா என்று நூல்கள் பறந்தன. 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. இராமலிங்கர் மீது குற்றம் நிலைக்கவில்லை.

1872 தையிலே ஞானசபையையும் கட்டினார். சிலை இல்லை, ஏழு திரைகளுக்குப் பின்னே விளக்கொளி. புலால் உண்பவர் உள்ளே வர வேண்டாம் என்று விதி வைத்தார். நம் தோழர்களில் பாதிப் பேர் வாசலிலேதான் நிற்க வேண்டும்! நமக்கு இதிலே உடன்பாடு இல்லை. ஆனால் சாலையின் சோற்றுக்கு அந்த விதி கிடையாது. புலால் உண்பவனுக்கும் பசி உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டார். 1874 சனவரி 30 இரவு, மேட்டுக்குப்பத்திலே அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்; பிறகு அவரை யாரும் காணவில்லை. ஒளியானார் என்பார் அன்பர்கள். பகுத்தறிவு பேசும் நாம் அதை ஏற்பதற்கில்லை. அந்த வாதத்திலே பொழுதைப் போக்கவும் விரும்பவில்லை.

அவருக்குப் பின் நடந்ததுதான் நெஞ்சைச் சுடுகிறது. சடங்கு வேண்டாம் என்றவரின் சபைக்குள்ளேயே ஆகமச் சடங்கு புகுந்தது. லிங்கம் வந்தது, பூசை வந்தது. அன்பர்கள் பல்லாண்டுகள் முறையிட்டார்கள். 2006 இலே அறநிலையத்துறை, வள்ளலார் வகுத்த முறைப்படியே வழிபாடு நடக்க வேண்டும் என்று ஆணையிட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. 2010 இலே நீதிபதி சந்துரு அந்த ஆணை செல்லும் என்றார். தாம் கட்டிய கட்டடத்துக்குள்ளே தம் சொல் செல்லுபடியாக, அந்த மனிதர் 136 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது! 2021 இலே தமிழ்நாடு அரசு அவர் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தது.

தைப்பூசத்துக்கு ஏழு திரைகளையும் நீக்கிச் சோதி காட்டுகிறார்கள். திருப்பூரிலிருந்தும் போகிறார்கள். போகிற தோழர்கள் சபையைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட வேண்டாம். தருமசாலைக்கும் போங்கள். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. பந்தியிலே பக்கத்திலே உட்காருகிறவரின் சாதியை யாரும் கேட்பதில்லை.