ஒசாமு தெசுகா: ரோபோ பையனைப் பெற்ற டாக்டர்



ஜப்பான் அனிமே ஒன்றை உண்மையான நடிகர்களை வைத்து ஹாலிவுட்டில் படம் எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவார்கள். ஒரு கட்சி ஆசையோடு காத்திருக்கும். இன்னொரு கட்சி, ஐயோ கெடுத்துடுவாங்களே என்று தலையில் கை வைக்கும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2009-ல் வந்த டிராகன்பால் எவல்யூஷன் படத்துக்குத் திரைக்கதை எழுதியவரே 2016-ல் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2017-ல் கோஸ்ட் இன் தி ஷெல் வந்தபோது, ஜப்பான் பெண் வேடத்துக்கு அமெரிக்க நடிகையா என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. ஆனால் 2019-ல் வந்த அலிட்டா பலருக்குப் பிடித்தது. 2023-ல் ஒன் பீஸ் தொடர் வந்தபோது மூலக்கதையை வரைந்த எய்ச்சிரோ ஓடாவே தயாரிப்பில் கூட இருந்ததால், சந்தேகப்பட்டவர்கள்கூட உட்கார்ந்து பார்த்தார்கள்.

இந்த ஆசையும் பயமும் நேற்று பிறந்ததல்ல. அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு மனிதர் இவை எல்லாவற்றையும் தன் சொந்த வாழ்க்கையிலேயே அனுபவித்து முடித்துவிட்டார். அவர்தான் ஒசாமு தெசுகா. ஜப்பானில் அவரை மங்காவின் கடவுள் என்கிறார்கள். மங்கா என்றால் ஜப்பான் படக்கதை. அது அசைந்தால் அனிமே. அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் நிற்பது என்று கொஞ்சம் தெளிவு பிறக்கும்.

பூச்சி பிடித்த சிறுவன்

தெசுகா 1928-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி ஒசாகா பகுதியில் உள்ள தொயோனாகா என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது தகராசுகா என்ற ஊரில். அந்த ஊரில் பெண்கள் மட்டுமே நடிக்கும் புகழ்பெற்ற நாடகக் கம்பெனி உண்டு. ஆண் வேடமும் பெண்களே போடுவார்கள். அம்மா அவரை அங்கே அழைத்துப் போவார். வீட்டில் அப்பா ஒரு சின்ன புரொஜக்டர் வைத்திருந்தார். அதில் டிஸ்னி கார்ட்டூனும் சாப்ளின் படமும் ஓடும். ஆக, சின்ன வயதிலேயே ஹாலிவுட் அவர் வீட்டுச் சுவரில் தெரிந்துவிட்டது.

பையன் நோஞ்சான், சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் கேலி தாங்க முடியாது. ஆனால் நன்றாகப் படம் வரைவான் என்று தெரிந்ததும் கேலி செய்த பையன்களே சுற்றி உட்கார்ந்தார்கள். பூச்சி பிடிப்பதில் வேறு பைத்தியம். தன் பெயரை எழுதும்போது பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார். கடைசிவரை அதுவே அவர் புனைபெயர்.

பிறகு யுத்தம் வந்தது. மாணவர்களை எல்லாம் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். தெசுகா ஒசாகாவில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1945 ஜூன் மாதம் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது அவர் காவல் கோபுரத்தில் இருந்தார். பக்கத்திலேயே குண்டு விழுந்தது. தப்பித்தது பெரிய விஷயம். சுற்றிலும் எரிந்த உடல்களைப் பார்த்தார். உயிர் என்றால் என்ன, ஒரு உயிருக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி அவருடைய கதைகளில் கடைசிவரை திரும்பத் திரும்ப வந்ததற்கு இதுதான் காரணம்.

டாக்டரா, படக்கதையா?

யுத்தம் முடிந்த அதே 1945-ல் ஒசாகாவில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். 1946 ஜனவரியில், பதினேழு வயதில், குழந்தைகள் பத்திரிகை ஒன்றில் நாலு கட்டம் உள்ள படக்கதை வரைய ஆரம்பித்தார். 1947-ல் ‘புதிய புதையல் தீவு’ புத்தகம் வந்தது. லட்சக்கணக்கில் விற்றது. காரணம் என்ன? அதுவரை படக்கதை என்றால் மேடை நாடகத்தை எதிரில் உட்கார்ந்து பார்ப்பதுபோல இருக்கும். இவர் சினிமாக் கேமரா மாதிரி வரைந்தார். தூரத்தில் கார் வருகிறது, பக்கத்தில் வருகிறது, முகம் பெரிதாகத் தெரிகிறது. பக்கத்தைப் புரட்டினால் படம் ஓடுவது போலவே இருக்கும்.

பகலில் மருத்துவக் கல்லூரி, ராத்திரியில் படம். இரண்டு குதிரையில் எத்தனை நாள் சவாரி செய்ய முடியும்? நம்ம வீடுகளாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டாக்டர் படிப்பை விட்டுவிட்டுப் பொம்மை போடப் போறியா என்று வீடே இரண்டாகியிருக்கும். அவர் அம்மா அப்படிச் செய்யவில்லை. எது உனக்கு உண்மையாகப் பிடித்திருக்கிறது என்று மட்டும் கேட்டார். படக்கதை என்றார் மகன். அப்படியானால் அதையே செய் என்றார் அம்மா. ஆனாலும் தெசுகா படிப்பைப் பாதியில் விடவில்லை. முடித்து, 1952-ல் அரசுத் தேர்வும் தேறி, டாக்டர் தகுதியும் வாங்கினார். 1961-ல் மருத்துவ ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டமும் பெற்றார். விரும்பியதைச் செய்தார், எடுத்ததையும் முடித்தார். இது நமக்கும் ஒரு பாடம்.

வளராத பையன்

1952-ல் தொடங்கிய ‘டெட்சுவான் ஆட்டம்’ அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. வெளிநாட்டில் இதன் பெயர் ஆஸ்ட்ரோ பாய். டெம்மா என்ற விஞ்ஞானியின் மகன் கார் விபத்தில் இறந்துவிடுகிறான். துக்கம் தாங்காத தகப்பன் மகனைப் போலவே ஒரு ரோபோ செய்கிறார். கொஞ்ச நாளில் ஒரு விஷயம் புரிகிறது. ரோபோ வளராது! வயதே ஏறாத பிள்ளையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்து அவனை சர்க்கஸ்காரனிடம் விற்றுவிடுகிறார். அங்கிருந்து ஒச்சானொமிசு என்ற நல்ல பேராசிரியர் அவனை மீட்கிறார். குழந்தைகள் கதைதான். ஆனால் பெரியவர்களுக்கும் நெஞ்சில் குத்தும்.

இந்தக் கதையை 1959-ல் ஜப்பான் டிவியிலேயே நிஜ நடிகர்களை வைத்துத் தொடராக எடுத்தார்கள். ஒரு சிறுவனுக்கு ரோபோ உடை மாட்டி நடிக்க வைத்தார்கள். தெசுகாவுக்கு அது கொஞ்சமும் திருப்தி தரவில்லை என்று சொல்வார்கள். கவனியுங்கள் நண்பர்களே, அப்போது ஹாலிவுட் இதில் தலையிடவே இல்லை. சொந்த நாட்டிலேயே, சொந்த மொழியிலேயே எடுத்தும் சரியாக அமையவில்லை. கோட்டில் வரைந்த பையன் வானத்தில் பறந்தால் நம்புகிறோம். அதையே உடை மாட்டிய ஆள் செய்தால் கயிறுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஹாலிவுட் அனுபவமும் சீக்கிரமே வந்தது. சீனத்துக் குரங்கு வீரன் கதையை தெசுகா படக்கதையாக வரைந்திருந்தார். அதை டோயி கம்பெனி 1960-ல் கார்ட்டூன் படமாக எடுத்தது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று வாங்கி 1961-ல் அங்கே வெளியிட்டது. குரங்கின் பெயரை அலகசாம் என்று மாற்றி, அமெரிக்கப் பாடகரைப் பாட வைத்து, ஆசியக் கதை என்பதே தெரியாத மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

கணக்குப் போட்டு ஜெயித்தார்

மற்றவர் செய்வது சரியாக இல்லை என்றால் என்ன செய்வது? தெசுகா தானே இறங்கினார். ‘முஷி’ என்ற பெயரில் ஸ்டூடியோ தொடங்கினார். முஷி என்றால் பூச்சி! 1963 ஜனவரி 1-ந் தேதி ஆட்டம் கார்ட்டூனாக டிவியில் வந்தான். வாரம் ஒரு அரைமணி நேரம். அப்போது எல்லோரும் இது நடக்காத காரியம் என்றார்கள்.

ஏன் என்று டிப்ளமோ படிக்கிற நாம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். 25 நிமிடம் என்றால் 1500 விநாடி. மொத்தம் 36,000 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தாலும் 18,000 படம் வரைய வேண்டும். ஒரு வாரத்தில் முடியுமா? தெசுகா ஒரு படத்தை மூன்று பிரேமுக்கு வைத்தார். அது 12,000. அதிலிருந்தும் வெட்டினார். பேசும்போது வாய் மட்டும் அசையும், முகம் அசையாது. ஓடும்போது பின்னால் உள்ள மரம் நகரும். ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த வாரமும் போடுவார். இப்படி மொத்தம் 193 எபிசோடு ஓடியது. ஜப்பானில் டிவி அனிமே ஒரு தொழிலாக எழுந்து நின்றது இந்தக் கணக்கினால்தான்.

இதில் ஒரு குறையும் உண்டு. மறைக்கக் கூடாது. டிவி கம்பெனிக்கு அவர் தொடரை விற்ற விலை, எடுக்க ஆன செலவைவிடக் குறைவு. சாக்லேட்டோடு கொடுத்த ஸ்டிக்கர், பொம்மை, வெளிநாட்டு விற்பனை இவற்றால் ஈடுகட்டப் பார்த்தார். விலை குறைவு என்ற பழக்கம் அப்படியே தொழிலில் தங்கிவிட்டது. ராப்பகலாக வரைகிற தொழிலாளிக்குக் கூலி குறைந்தது இதனால்தான் என்று பலரும் சொன்னார்கள். புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியசாக்கியே தெசுகா இறந்த சமயத்தில் இந்தக் குற்றச்சாட்டைப் பகிரங்கமாக வைத்தார். நாளைக்கு ஒரு கம்பெனியில் கொட்டேஷன் போடப் போகிற நமக்கு இது முக்கியமான சங்கதி. மேலே உள்ளவன் குறைத்துப் போட்ட விலையைக் கீழே உள்ளவன்தான் உடம்பால் கட்டுகிறான்.

1963-லேயே அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் வழியாக ஆஸ்ட்ரோ பாய் அங்கே போனான். 104 எபிசோடுகள் ஆங்கிலத்தில் வந்தன. ஒச்சானொமிசு என்பது டோக்கியோவில் ஒரு இடத்தின் பெயர். அது அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று, மூக்கு பெரிதாக இருப்பதால் டாக்டர் எலிபன் என்று வைத்துவிட்டார்கள். 1965-ல் வந்த வெள்ளைச் சிங்கக் கதையிலும் இதே கதைதான். லியோ என்ற சிங்கக்குட்டி கிம்பா ஆனது. எந்த எபிசோடை எப்போது போட்டாலும் புரிய வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. தெசுகாவின் மூலக்கதையில் குட்டி வளர்ந்து, குடும்பம் கண்டு, கடைசியில் இறக்கும். வாழ்க்கை முழுவதையும் சொல்லும் கதை குட்டிச் சிங்கத்தோடு நின்று போனது.

அதே நேரத்தில் மரியாதையும் வந்தது. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வால்ட் டிஸ்னியைச் சந்தித்தார். ஆட்டம் போல ஒன்றைத் தானும் எடுக்க ஆசைப்படுவதாக டிஸ்னி சொன்னாராம். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தன் விண்வெளிப் படத்துக்குக் கலை இயக்குநராக வரும்படி கடிதம் எழுதியதாகவும் தெசுகா சொல்லியிருக்கிறார். நீண்ட நாள் இங்கிலாந்தில் தங்க வேண்டியிருந்ததால் போகவில்லை. ஸ்டூடியோவை விட்டுவிட்டு எப்படிப் போவது?

விழுந்து எழுந்தவர்

அந்த ஸ்டூடியோவும் நிலைக்கவில்லை. 1971-ல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1973-ல் முஷி திவாலானது. கடன் கழுத்தை நெரித்தது. தெசுகா காலம் முடிந்தது என்று பேசினார்கள். அதே ஆண்டு கடைசியில் ‘பிளாக் ஜாக்’ தொடங்கினார். லைசென்ஸ் இல்லாத, ஆனால் கைராசியான அறுவை சிகிச்சை டாக்டரின் கதை. என்றோ படித்த மருத்துவப் படிப்பு அவரைக் கரையேற்றியது! படித்த படிப்பு எதுவும் வீண் போகாது பாருங்க. நம் நாட்டு மண்ணில் நடந்த புத்தர் வாழ்க்கையையும் 1972 முதல் 1983 வரை நீண்ட படக்கதையாக வரைந்தார்.

1989 பிப்ரவரி 9-ந் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் 60 வயதில் இறந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் வரைந்துகொண்டே இருந்தார். அவர் வரைந்தது சுமார் ஒன்றரை லட்சம் பக்கம் என்கிறார்கள். மூன்று தொடர்கள் பாதியில் நின்றன.

பிறகு நடந்தது

1994-ல் டிஸ்னியின் லயன் கிங் வந்தது. இது கிம்பா மாதிரியே இருக்கிறதே என்று ஜப்பான் படக்கதைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினார்கள். தெசுகாவின் நிறுவனம் வழக்குப் போடவில்லை. அவரே டிஸ்னி ரசிகர் அல்லவா? டிஸ்னியின் பாம்பி படத்தை எண்பது தடவைக்கு மேல் பார்த்தவர். அதைப் படக்கதையாகவும் வரைந்தவர்.

2009-ல் ஆஸ்ட்ரோ பாய் ஹாலிவுட் நட்சத்திரங்கள் குரல் கொடுத்த கம்ப்யூட்டர் கார்ட்டூனாக வந்தது. செலவு ஏறத்தாழ ஆறரைக் கோடி டாலர். வசூல் அதைவிடக் குறைவு. படம் பார்க்க அழகுதான். ஆனால் அதில் பையன் ஆராய்ச்சிக்கூடத்து விபத்தில் சாகிறான். தகப்பன் கடைசியில் மனம் மாறி ஏற்றுக்கொள்கிறார். வளராத பிள்ளையை வெறுத்து விற்ற தகப்பனைக் காணோம். நெஞ்சில் குத்திய முள்ளை எடுத்துவிட்டுப் பூவை மட்டும் கொடுத்தார்கள்.

ஆகவே நண்பர்களே, வேறு நாட்டான் எடுக்கிறான் என்பதற்காக மட்டும் நாம் பயப்பட வேண்டியதில்லை. தெசுகாவே அடுத்தவர் கதைகளை எடுத்துத் தனதாக்கியவர்தான். பெயரும் உடையும் மாறினாலும் பரவாயில்லை. அந்தக் கதை எந்த வலியிலிருந்து பிறந்ததோ அந்த வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கைதட்டுவோம். இல்லாவிட்டால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். 1959-ல் தெசுகாவுக்குத் திருப்தி இல்லை. திட்டிக்கொண்டு உட்காராமல் பென்சிலை எடுத்தார். நம் கையிலும் பென்சில் இருக்கிறது, டிராயிங் போர்டும் இருக்கிறது.