எரிக்கப்பட்ட நூலும் எஞ்சிய பெயரும்

வாராணசியை அடுத்த லம்ஹி கிராமத்தில், பிரேம்சந்த் பிறந்த இல்லத்தையொட்டி உள்ள நினைவிடம் அளவில் சிறியது. நூல்களையும் புகைப்படங்களையும் விரைவிலேயே பார்த்து முடித்துவிடலாம். ஆனால், அந்நூல்களின் அட்டைகளில் உள்ள பெயரே ஆங்கிலேய அரசின் அடக்குமுறையால் பிறந்தது என்பதைப் பலர் அறிவதில்லை.

1880 ஜூலை 31-ல் பிறந்த அவரது இயற்பெயர் தனபத் ராய். 1900-ல் அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, பின்னர் கல்வித் துறையில் ஆய்வாளரானார். நவாப் ராய் என்ற புனைபெயரில் உருதுவில் எழுதி வந்தார்.

1908-ல் வெளியான "சோஸ்-ஏ-வதன்' என்ற அவரது சிறுகதைத் தொகுப்பை ராஜ துரோகம் எனக் கருதியது அரசு. ஹமீர்பூர் மாவட்ட ஆட்சியர் அவரை நேரில் அழைத்து விசாரித்தார். விற்காமல் எஞ்சிய பிரதிகள் எரிக்கப்பட்டன. இனி எதை எழுதினாலும் முன்னதாகக் காட்டி அனுமதி பெற வேண்டும் என்றும் உத்தரவானது.

வேலையை விட்டால் குடும்பத்துக்குச் சோறில்லை. பணிந்தால் எழுத்து இல்லை. "ஜமானா' இதழாசிரியர் தயா நாராயண் நிகமின் யோசனையால் 1910-ல் நவாப் ராய் மறைந்தார், பிரேம்சந்த் எழுதத் தொடங்கினார்.

ஆயினும் அரசு ஊதியம் அவர் மனதை உறுத்தியது. 1921 பிப்ரவரியில் கோரக்பூரில் காந்தியடிகள் பேசியதைக் கேட்டார். உடல்நலம் குன்றியிருந்தது, இரு குழந்தைகள், மனைவி சிவராணி தேவி கருவுற்றிருந்தார். மனைவியின் சம்மதத்துடன், இருபதாண்டு அரசுப் பணியைத் துறந்தார். பின்னாளில் சிவராணி தேவியும் அந்நியத் துணிக் கடை மறியலில் சிறை சென்றார்.

வாராணசியில் அவர் தொடங்கிய அச்சகமும், 1930-ல் தொடங்கிய "ஹன்ஸ்' இதழும் கடனையே தந்தன. கடன் தீர்க்க 1934-ல் பம்பாய் சென்று "மஸ்தூர்' திரைப்படத்துக்குக் கதை எழுதினார். ஆலைத் தொழிலாளர் துயரைச் சொன்ன அப்படமும் தடையைச் சந்தித்தது. மறு ஆண்டே ஊர் திரும்பினார்.

1936 ஏப்ரலில் லக்னௌவில் முற்போக்கு எழுத்தாளர்களின் முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். கடனில் உழன்று மடியும் விவசாயி ஹோரியின் கதையான "கோதான்' அதே ஆண்டு வெளிவந்தது. அக்டோபர் 8-ல், 56-வது வயதில் காலமானார்.

எரிக்கப்பட்ட தொகுப்பின் கதைகள் இன்றும் அச்சில் உள்ளன. எரித்த ஆட்சியரின் பெயரை நினைவில் வைத்திருப்போர் அரிது.