கடல் கடந்து வந்த பிடிலும் பாலுசுவாமி தீட்சிதரும்

கீழ்வேளூர் அட்சயலிங்க சுவாமி மீது முத்துசுவாமி தீட்சிதர் சங்கராபரண இராகத்தில் பாடிய கீர்த்தனையை இவ்வூரார் நன்கறிவர். அவர்தம் இளவல் பாலுசுவாமி தீட்சிதரை அறிந்தோர் நம்மிடையே சிலரே. இன்று கருநாடக இசை மேடையில் வயலின் இடம்பெற வழிகோலிய முன்னோடி அவரே ஆவார்.

1786-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்த அவர், அம்சத்வனி இராகத்தை உருவாக்கிய இராமசுவாமி தீட்சிதரின் மைந்தர். வள்ளல் முத்துகிருஷ்ண முதலியாரின் அழைப்பை ஏற்று, இக்குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் குடியேறிற்று. கம்பெனியாரோடு தொடர்பு கொண்டிருந்த அவர் மகனார், தீட்சிதர் சகோதரர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பிய வாத்தியக் குழுவின் இசையைக் கேட்கச் செய்வார். பின்னாளில் முத்துசுவாமி தீட்சிதர் அம்மெட்டுகளுக்கு வடமொழிப் பாடல்கள் புனைந்தார். தம்பியின் உள்ளமோ பிடிலில் தோய்ந்தது.

அயல்நாட்டுச் சரக்கு நம் கரைக்குப் புதிதன்று. நாகூர் மரைக்காயர்களின் மரக்கலங்கள் பினாங்கு வரை சென்று மீண்ட காலம் அது. இலண்டன் கப்பல்கள் சென்னையில் இறக்கிய பிடிலும் பியானோவும் பெரும்பாலும் வெள்ளையர் இல்லங்களுக்கே சென்றன. ஏறத்தாழ அதே காலத்தில், இலண்டன் புல்லாங்குழல்களை நியூயார்க்கில் விற்று வணிகம் தொடங்கிய ஆஸ்டர் என்பார், பின்னர் தோல் வணிகத்தால் பெருஞ்செல்வரானார். அங்கு அக்கருவிகள் தம் பழைய இசையையே இசைத்தன. இங்கு நிகழ்ந்ததோ வேறு.

முதலியார் ஓர் ஐரோப்பியரை ஆசிரியராக அமர்த்த, பாலுசுவாமி மூன்றாண்டுகள் பயின்றார். வீணைக்குப் பெயர்பெற்ற குடும்பத்தவர் அயலார் கருவியைக் கையிலெடுத்தது எளிய துணிவன்று என்பதே நம் கருத்து. மேனாட்டார் நின்றபடி மோவாயில் அணைத்து வாசிப்பர். நம்மவரோ தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் கணுக்காலில் ஊன்றினர். இதனால் தாங்கும் பொறுப்பினின்று விடுபட்ட இடக்கை தந்தியின்மீது தடையின்றி வழுக்கிச் செல்ல, கமகம் பிறந்தது. நான்கு தந்திகளும் ச, ப, ச, ப எனச் சுருதி சேர்க்கப்பட்டன. மெட்டுகள் இல்லாத கருவியாதலின் குரலின் நெளிவுகள் யாவும் அதற்கு வசமாயின. முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கரான தஞ்சை வடிவேலுவும் இதில் வல்லவரானார். 1834-இல் சுவாதித் திருநாள் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார்.

பாலுசுவாமி எட்டயபுரம் அரசவைக் கலைஞரானார். தமையனார் 1835-இல் அவ்வூரிலேயே மறைந்தார். பாலுசுவாமி தம் மகள்வழிப் பேரன் சுப்பராமரைத் தத்தெடுத்து வளர்த்தார். அப்பேரரே 1904-இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யை வெளியிட்டு, முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் அச்சேற்றினார்.