மசவோகா ஷிக்கி சரித்திரம்

ஜப்பான் தேசத்தின் நான்கு பெருந்தீவுகளுட் சிறியதாகிய ஷிக்கோக்குவிலே, மற்சுயாமா என்னும் கோட்டைப் பட்டினத்திலே, 1867 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே, வாளேந்தும் குடியொன்றிற் பிறந்தவர் மசவோகா ஷிக்கி. மறு ஆண்டிலே அத்தேசத்தின் அரசியல் முறை மாறிற்று. வீரர் குடிகள் தம் பரம்பரை உரிமைகளை ஒவ்வொன்றாக இழந்தன. 1872 இல் தந்தையார் இறந்தார். தாயாராகிய யாயே இம்மகனையும், ரிற்சு என்னும் மகளையும் வறுமையிலே வளர்த்தார். சீன நூல்களில் வல்லவராகிய தாய்வழிப் பாட்டனார் பேரனுக்கு அந்நூல்களை இளமையிலேயே பயிற்றினார்.

1883 இல் ஷிக்கி தோக்கியோ நகரஞ் சென்று, பழைய சிற்றரசர் குடும்பத்தார் உதவிய பொருளைக்கொண்டு கல்வி பயின்றார். பாடங்களினும் பேஸ்போல் என்னும் பந்தாட்டத்திலே அவருக்கு விருப்பம் மிகுதி. பிற்காலத்திலே ஜப்பானியக் கதையாசிரியருள் முதல்வரெனப் புகழப்பட்ட நற்சுமே சோசெக்கி அங்கே அவருக்கு உயிர்நண்பரானார். 1889 ஆம் ஆண்டு மே மாதத்திலே இருமலோடு இரத்தம் வெளிப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. இரத்தங் கக்குமட்டும் கூவும் என்று அந்நாட்டார் சொல்லும் குயிலினப் பறவை ஒன்றுண்டு. அதன் பெயர்களுள் ஒன்று ஷிக்கி. இளைஞர் அதனையே தமக்குப் புனைபெயராக இட்டுக்கொண்டார். பெற்றோர் இட்ட பெயரை இன்று சரித்திரமெழுதுவோரன்றி நினைப்பவர் இலர்.

யாம் பாதிரிமார் கல்லூரியிலே பயின்ற காலத்தில், ஆங்கிலப் புலவர் கீற்ஸ் என்பவர் இருபத்தைந்தாம் வயதிற் கயரோகத்தால் இறந்தார் என்று கற்பித்த உபாத்தியாயர், அந்நோய் புலவர்க்கு ஓர் ஆபரணமென்பது போலவே பேசுவார். யாமும் அதனை நம்பி, இருமாத கவிஞன் கவிஞனல்லன் என்று எண்ணித் திரிந்தோம். ஷிக்கியின் சரித்திரத்தைப் படித்த பின்னரே அம்மயக்கம் எம்மை விட்டு நீங்கிற்று.

அவர் சர்வகலாசாலைப் படிப்பை முடியாமலே விட்டு, 1892 இல் நிப்பொன் என்னும் பத்திரிகையில் அமர்ந்து, தாயையும் தங்கையையும் தம்மிடம் வருவித்துக்கொண்டார். 1895 இல், தடுத்தோர் சொற்கேளாது, சீனப் போரைக் கண்டெழுதப் போனார். போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. திரும்புங் கப்பலிலே மிகுந்த இரத்தங் கக்கிக் குற்றுயிராய்க் கோபே நகர வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். ஒருவாறு பிழைத்தாரெனினும், 1896 இல் நோய் முள்ளந்தண்டிற் பற்றிவிட்டதென வைத்தியர் தெரிவித்தனர். கயரோகக் கிருமியைக் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1882 இலேயே கண்டறிந்தார். அதனை அடக்கும் ஸ்ரெப்ரோமைசின் 1943 இலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலே நோயுற்றவர் ஷிக்கி. முதுகிலே துளைகள் விழுந்து சீழ் வடிந்தது. இடக்கால் நீட்ட இயலாது மடங்கி நின்றமையால், முழங்கால் புகுதற்கு இடம் வெட்டிய மேசையொன்று செய்விக்கப்பட்டது. வரவர அம்மேசையிலும் இருக்க இயலாது போயிற்று.

இனி, இவர் செய்யுளுக்கு வகுத்த நெறியைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஹைக்கு என்பது பதினேழ் அசையால் இயன்ற சிறு பாட்டு. அக்காலத்தார் அதனைப் பழைய ஆசிரியர் சொற்களையே திருப்பித் திருப்பி அடுக்கும் பொழுதுபோக்காக்கி விட்டனர். நம் மாணாக்கர்க்கு நிலவைப் பற்றி ஒரு வியாசம் எழுதுக என்றால், வானத்தைப் பாராமலே, பாடப் புத்தகத்திலுள்ள உவமைகளை எழுதிவிடுகிறார்களல்லவா? அந்நோயே அது. மேனாட்டுச் சித்திரமுறை பயின்ற நக்கமுரா புசெற்சு என்பவருடைய நட்பினால், கண்ட பொருளைக் கண்டபடி வரைதல் என்னும் சித்திரகாரர் பழக்கத்தை ஷிக்கி அறிந்து, அதுவே பாட்டுக்கும் உரைநடைக்கும் வேண்டுவது என்று துணிந்தார். எல்லாரும் தெய்வம்போற் கொண்டாடிய பஷோவையும் குறை கூறினார். மறக்கப்பட்டிருந்த புசொன் என்னும் புலவரை உயர்த்தினார். 1898 இல் எழுதிய நிருபங்களிலே, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு இலக்கணமாகப் போற்றப்பட்ட தொகைநூலொன்றைக் கடுமையாகக் கண்டித்தார். அந்த வேகத்தில் நியாயத்தை மீறினார் என்பதே எம் கருத்து. ஆயினும் அவருடைய நெறி நிலைபெற்றது.

அந்நெறியை வகுத்தவர்க்குப் பார்க்கக் கிடைத்த உலகமோ, தோக்கியோவில் நெகிஷி என்னும் பகுதியிலிருந்த சிறு வீட்டின் ஓர் அறையும், அதனை அடுத்த தோட்டமுமே. 1899 ஆம் ஆண்டின் இறுதியிலே, மாணாக்கராகிய தக்கஹாமா கியோஷி என்பவர் அவ்வறையின் கடதாசிக் கதவுகளுக்குக் கண்ணாடி இடுவித்தார். படுத்தபடியே தோட்டத்தைக் காணலாயிற்று! அவர் அடைந்த மகிழ்ச்சி பெரிது. அவ்வாண்டிலேயே புசெற்சு தந்த வர்ணங்களைக்கொண்டு, படுத்துக்கிடந்தே சித்திரம் வரையவுந் தொடங்கினார். 1900 இல், தூரத்திலிருந்த சோசெக்கிக்கு, சாடியிலிட்ட சாமந்தியினப் பூவொன்றை எழுதி அனுப்பினார். நண்பர் இறந்து நெடுங்காலஞ் சென்றபின் சோசெக்கி அதனைப்பற்றி ஒரு சிறு கட்டுரை வரைந்தார். பாட்டை விரைந்து பாடிய கை அப்பூவை வரைய எத்துணை வருந்திற்று என்பதை அவர் அதிலே கண்டார்.

அவர் கண்ட பொருள்களுள் ஒன்று அவர் நோய். பூவுக்கு வகுத்த நெறியை அவர் நோய்க்கு விலக்கவில்லை. 1901 சனவரி தொடங்கி நிப்பொன் பத்திரிகையிலே நாடோறும் சிறு சிறு குறிப்புக்கள் எழுதினார், அவை 164. அவ்வாண்டு செப்ரெம்பரிலே, பிறர் படிக்கவென்றன்றித் தமக்கென்றே வேறொரு குறிப்பேட்டைத் தொடங்கினார். உண்டது எத்தனை கிண்ணம், எத்தனை பழம், கட்டு மாற்றும்பொழுது எவ்வாறு அலறினார் என்பவெல்லாம் ஒளிவின்றி அதிலே உள்ளன. ஒக்ரோபர் மாதத்தில் ஒருநாள், தாயும் தங்கையும் வெளியே சென்றிருக்க, அருகே கிடந்த சிறு கத்தியும் ஊசியும் கண்ணிற் பட்டன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தது. சாவைக் காட்டிலும் சாகாது மேலும் வேதனையுறுவதற்கு அஞ்சினார். தாயார் திரும்பி வந்தார். பின்னர் அவ்வெண்ணத்தையும் எழுதி, அக்கத்தியையும் ஊசியையும் அத்தாளிலே வரைந்தும் வைத்தார்.

தங்கை ரிற்சுவைப் பற்றியும் அவ்வேட்டிலே உண்டு. நாடோறும் புண்ணைக் கழுவிக் கட்டியவர் அவரே; சமையலும் வீட்டுவேலையும் அவருடையனவே. தமையனார் நல்லுணவு உண்ண, ஊறுகாயோடு உணவை முடித்தவரும் அவரே. அவரையே ஷிக்கி, ஈரமில்லாதவர், மரமுங் கல்லும் போன்றவர் என்று கடிந்தெழுதினார். அடுத்த பக்கங்களிலே, அவரின்றித் தாம் ஒருநாளும் உயிர்வாழ்தல் கூடாதென்றும் எழுதினார். நோயாளர்க்குப் பொறுமையே அணிகலன் என்று பாடஞ் சொல்லும் எம்போலியர்க்கு இப்பக்கங்கள் வெறுப்புத் தருவன. யாமும் முதலிலே வெறுத்தோம். பிறகு, நெடுநாட் கிடந்த எம் உறவினர் ஒருவர் இதே மொழிகளை மனைவியார்மேற் சொரிந்ததையும், ஒருவரும் அதனை வெளியிற் சொல்லாததையும் நினைந்தோம். ஷிக்கி தம் சிறுமையை மறைத்து எழுதியிருந்தால், ரிற்சுவின் உழைப்பும் உடன் மறைந்திருக்கும்.

1902 மே மாதத்திலே பத்திரிகையில் மற்றொரு தொடரைத் தொடங்கினார். ஆறடி நோய்ப்படுக்கை என்பது அதன் பெயர். ஒருநாள் அவருக்கு ஓய்வளிக்க எண்ணிப் பத்திராதிபர் அதனை வெளியிடாது விட்டார். தம் உயிர் அத்தொடரிலேயே தங்கியிருப்பதாகவும், காலையிற் பத்திரிகையிலே அதனைக் காணாமல் அழுததாகவும் ஷிக்கி எழுதிக் கெஞ்சினார். பின்னர் அது பெரும்பாலும் நாடோறும் வெளிவந்தது. அதிலே ஓரிடத்து, ஞானம் என்பது எந்நிலையிலும் அமைதியோடு இறத்தல் என்று தாம் எண்ணியிருந்தது தவறு, எந்நிலையிலும் அமைதியோடு வாழ்தலே அது என்று கூறினார். இதனைப் படித்து அவர் அமைதி பெற்றுவிட்டாரென்று கொள்ளற்க. அதே மாதத்துக் குறிப்புக்களிலே, வேதனை பொறுக்கலாற்றாது கதறுதலும் உளது.

அக்கோடையிலே, மோர்பியா அருந்தி வேதனை சற்றே தணிந்த நேரங்களிற் பழங்களையும், பின்னர்ப் பூக்களையும் வரைந்தார். அதனினும் தமக்கு இன்பமில்லை என்றார். கை நடுங்கும், வர்ணம் எண்ணியபடி அமையாது, அதனையும் எழுதினார்.

அறையின் முன்னே, வெயில் மறைக்க, நுரைப்பீர்க்கு என்னும் கொடி பந்தரிடப்பட்டிருந்தது. அதன் தண்டை அறுத்து வடிக்கும் நீரைச் சளிக்கும் இருமலுக்கும் அந்நாட்டார் மருந்தாகக் கொள்வர். செப்ரெம்பர் 18 ஆந் திகதி காலையிலே, பேச்சும் அரிதாகிய நிலையிலே, ரிற்சு பலகையைப் பிடிக்க, மாணாக்கராகிய ஹெக்கிகோதோ தூரிகையை மை தோய்த்துக் கொடுக்க, மூன்று பாட்டுக்களை எழுதினார். மூன்றும் அப்பீர்க்கையும் தம் சளியையும் பற்றியனவே. மறுநாட் பின்னிரவிலே உயிர் நீங்கிற்று. முப்பத்தைந்து வயது நிறைய ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாயிருந்தது. அவர் செய்த ஹைக்குக்கள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டன. அவர் நினைவுநாளை இன்றும் பீர்க்கின் பெயராலேயே வழங்குவர்.

நெகிஷி வீடு 1945 இல் விமானக் குண்டுவீச்சினால் எரிந்து, 1950 இற் பழைய வடிவிலேயே மீளக் கட்டப்பட்டது. ரிற்சு, தமையனார் இறந்த மறு ஆண்டிலே, பெண்களுக்கான தொழிற் பாடசாலையொன்றிற் சேர்ந்து கற்று, அப்பாடசாலையிலேயே தையல் கற்பிக்கும் உபாத்தியாயினியாய் அமர்ந்தார். தாயாரைப் பேணி, வீட்டையுங் காத்து, 1941 இல் இறந்தார்.