எசேக்கியேல் ரஹபி

விருதுநகர்ச் சந்தையருகே வளர்ந்த நமக்கு வணிகர் வரலாற்றில் இயல்பாகவே ஓர் ஆவலுண்டு. கணக்கேட்டைக் கண்ணெனக் காக்கும் வணிகருள்ளும் தம் குலத்தின் பழமையை ஆராய்ந்து எழுதிவைத்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் கொச்சி யூதராகிய எசேக்கியேல் ரஹபி.

இவருடைய பாட்டனார் சிரியா தேசத்து அலெப்போ நகரினின்று 1646ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்து குடியேறியவர். பேரனார் பிறந்தது 1694இல். இவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒல்லாந்தக் கும்பினியின் தலைமை வணிகராய் விளங்கினார். மிளகு கொண்டதோடமையாது, அரசரிடத்துத் தூதும் சென்றார். மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபஆலயத்தின் மணிக்கூண்டை 1760இல் எழுப்பியவரும், அதன் தளத்துக்குச் சீனத்து நீலவண்ண ஓடுகளை வருவித்தவரும் இவரே.

ஹேக் நகரத்துச் செல்வர் தோபியாஸ் போவாஸ் என்பார், கொச்சி யூதர் எங்கிருந்து, எக்காலத்து வந்தனர் என இவரை வினவினார். முதுமையுற்ற ரஹபி 1768இல் எபிரேய மொழியில் விரிவாக விடை வரைந்தார். அஃது எளிய பணியன்று. 1662இல் போர்த்துக்கேயர் ஆலயத்தைச் சிதைத்தபொழுது ஏடுகள் பல அழிந்தன. எஞ்சிய பெருஞ்சான்று, சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மர் யோசேப்பு ரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகள் அளித்த செப்பேடு. அதன் எழுத்து வட்டெழுத்து. அதில் யோசேப்பு, இஸ்ஸுப்பு என நிற்கக் காணும் தமிழ் மாணவர் உள்ளம் மகிழாதிராது. யூதர் மரபு அதனை கி.பி. 379க்கு உரியதாக்கியது; ஆராய்ச்சியாளர் கி.பி. 1000 அளவினது என்பர்.

காலக்கணக்கின் பிழையை நாம் பெரிதாக எண்ணவில்லை. நம்மை வருத்துவது வேறொன்று. மலையாளக் கரையில் நெடுங்காலமாக வாழ்ந்த கருநிற யூதரை, மதம் மாறியோரும் விடுதலையுற்ற அடிமைகளும் ஆகியோர் வழியினர் என்று ரஹபி எழுதிவிட்டார். தம் பாட்டனார் கரையிறங்குமுன் பல நூற்றாண்டு அங்கிருந்தாரைப் பின்வந்தவர் பேரன் புறத்தே நிறுத்தியது முறையோ? கோயிலுள் யார் புகலாம் என்னும் வழக்கால் 1899இல் சிவகாசிக் கலகத்தைக் கண்ட நம் நாட்டார்க்கு இதன் துயர் விளங்கும்.

ரஹபி 1771இல் காலமானார். அவர் வழிபட்ட அவ்வாலயத்திலேயே, அடிமை மரபினர் எனப்பட்டோர் உள்ளே அமரும் உரிமை வேண்டி, 20ஆம் நூற்றாண்டில் ஏ. பி. சேலம் என்பவர் அறவழியில் போராட நேர்ந்தது.